எதிர் ஃப்ளாட் பிள்ளைகள் தினமும் வந்து பெல் அடித்தால் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. மேடவாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், கணவன் மனைவி இரண்டே பேர், கூட ஒரு பூனை. மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. எதிர் ஃப்ளாட்டில் எட்டு வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெல் அடிக்கிறார்கள், பூனையோடு விளையாடுகிறார்கள், பிஸ்கட் கேட்கிறார்கள், போன் கேட்கிறார்கள், இருட்டினாலும் கிளம்புவதில்லை. பிள்ளைகளைப் பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் மீட்டிங் நடுவில் பெல் அடித்தால் எரிச்சலாக வருகிறது. அவர்கள் அம்மாவிடம் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயம். கணவர் சொல்வது போல நாலு நாள் கதவைத் திறக்காமல் இருந்தால் தானாக நின்றுவிடாதா என்று கேட்கிறார்.

கடைசியிலிருந்து வருகிறேன். கதவைத் திறக்காமல் இருக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வாசலில் உங்கள் செருப்பு கிடக்கிறது, உள்ளே மிக்ஸி ஓடுகிறது, பூனை வேறு கத்துகிறது. நீங்கள் உள்ளே இருப்பது அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் திறக்கவில்லை என்றால் 'ஆன்ட்டிக்கு வேலை' என்று எட்டு வயதுக்குத் தோன்றாது, 'ஆன்ட்டிக்கு என் மேல கோபம்' என்றுதான் தோன்றும். அதை வீட்டில் போய்ச் சொல்லும், அம்மா அதற்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார், அப்புறம் லிஃப்டில் சந்தித்தால் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். இப்படி ஆரம்பித்து வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிற வீடுகளை எங்கள் குடியிருப்பிலேயே காட்ட முடியும்.

நான் குழந்தைகள் நலப் பணியில் களப்பணியாளராக வெகுகாலம் இருந்தவள். இப்போது எங்கள் ஃப்ளாட் சங்கத்தில் பிள்ளைகள் சம்பந்தமாக எந்தப் புகார் வந்தாலும் என் தலையில்தான் விழுகிறது. பந்து, சைக்கிள், லிஃப்ட் பட்டன் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு ஓடுவது, இது எல்லாம் சேர்த்து. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் கேள்வியில் பிள்ளைகள் மேல் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தினமும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் போய் வருகிறார்கள், அதைப் பற்றி அந்த இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகள் அடுத்த வீட்டுக்குள் போய் வருவது நம் ஊருக்குப் புதிது கிடையாது. ஆனால் அப்போது அந்தப் பிள்ளையின் கையில் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். உறை ஊற்ற ஒரு கரண்டி மோர், ரசத்துக்கு ரெண்டு ஆர்க்கு கருவேப்பிலை, திடீர் விருந்தாளிக்கு அரை டம்ளர் காபிப்பொடி. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் ஸ்டோர் வீடுகளில் ஒரே குழாய், ஒரே முற்றம், பத்துக் குடித்தனம்; அங்கே எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பதே ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். தெருவில் ஒரு வீட்டில்தான் போன் இருக்கும், மற்றவர்கள் எல்லாம் அந்த நம்பரைப் பி.பி. நம்பராகக் கொடுத்து வைத்திருப்பார்கள். 'உங்களுக்கு மதுரையிலேர்ந்து போன்' என்று கூப்பிட ஓடுவது அந்த வீட்டுப் பையன். சென்னையில் டிவி நிலையம் 1975-ல் வந்தது, அதற்கப்புறமும் ரொம்ப வருஷம் தெருவுக்கு ஒன்றிரண்டு டிவிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சினிமாப் பாட்டு போடும்போது அந்த வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் நிரம்பி வழியும். பிடித்தோ பிடிக்காமலோ பெரியவர்களும் அடுத்த நாள் பேசிக்கொண்டுதான் ஆகவேண்டும், ஏனென்றால் கிண்ணம் திரும்பி வரவேண்டும்.

இப்போது கருவேப்பிலை பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. யாரும் யாரிடமும் மோர் கேட்பதில்லை. அதனால் பிள்ளை வெறுங்கையோடு வருகிறது, 'சும்மா வந்தேன்' என்கிறது, நமக்கு அது விசித்திரமாகப் படுகிறது. பிள்ளைக்குப் போக்குவரத்து இருக்கிறது, பெரியவர்களுக்கு இல்லை. இதுதான் மாறியிருக்கிறது.

பழைய காலத்தை நினைத்து ஏங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தெருக்களில் எந்தப் பிள்ளை எதுவரைக்கும் வரலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. ஒரு பிள்ளை அடுக்களை வரைக்கும் போகும், ஒன்று கூடத்தோடு நிற்கும், ஒன்று திண்ணையில் உட்காரலாம், இன்னொன்று தெருவிலேயே நின்று குரல் கொடுக்கவேண்டும். சாதி என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே நாலு வயதில் அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். யார் வீட்டுப் பிள்ளையையும் யாரும் முதுகில் ரெண்டு வைக்கலாம் என்பதும் அந்தக் காலத்துப் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆனாலும் அதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. சிகாகோ நகரத்தில் ராபர்ட் சாம்ப்சன் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் 343 குடியிருப்புப் பகுதிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி கண்டு 1997-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் கேட்ட கேள்விகள் ரொம்பச் சாதாரணமானவை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? ஒரு பிள்ளை பெரியவரிடம் மரியாதை இல்லாமல் நடந்தால் யாராவது கேட்பார்களா? இங்கே இருக்கிறவர்களை நம்பலாமா? 'ஆமாம், கேட்பார்கள்' என்ற பதில் அதிகமாக வந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது, ஏழ்மையையும் மற்றதையும் கழித்துப் பார்த்த பிறகும். அக்கம்பக்கத்தார் நெருங்கிய நண்பர்களாக இருக்கவேண்டும் என்றுகூட அதில் இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் ஒருவர் தலையிட்டால் இன்னொருவர் அதைத் தப்பாக எடுக்கமாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால் போதும். உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் வரவேண்டியது அவ்வளவுதான். தோழிகள் ஆகவேண்டிய கட்டாயம் இல்லை.

எனவே அவரிடம் பேசுங்கள். எரிச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில் வேண்டாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசலில் நின்று வேண்டவே வேண்டாம். வாட்ஸாப்பில் எழுதினால் நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதியது அங்கே முறைத்துக்கொண்டே போய்ச் சேரும், அதுவும் வேண்டாம். சங்கத்து குரூப்பில் 'குழந்தைகளைப் பெற்றோர் கவனித்துக்கொள்ளவும்' என்று பொதுவாகப் போடுவார்கள் பாருங்கள், அதைச் செய்தால் எல்லாம் முடிந்தது, யாரைச் சொல்கிறீர்கள் என்று மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். சனிக்கிழமை பதினோரு மணி வாக்கில் அவர் சமையல் முடித்திருக்கும் நேரத்தில் நேராகப் போங்கள். 'அக்கா, பசங்க வந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கு, பூனைக்கும் பொழுது போகுது. ஆனா ஆறு மணி வரைக்கும் எனக்கு ஆபீஸ் கால் இருக்கும், அப்ப கதவைத் திறந்தா ஒழுங்கா பேசக்கூட முடியல. ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் வரட்டும், ஏழுக்கு நானே அனுப்பிடறேன்' என்று நேரத்தோடு சொல்லுங்கள். 'கொஞ்சம் பார்த்துக்கோங்க' என்று மொட்டையாகச் சொன்னால் அது புகார் மாதிரி கேட்கும். நேரம் சொல்லிவிட்டால் அது ஏற்பாடு.

அப்படியே சிலதைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன சாப்பிடக் கொடுக்கலாம், எது ஆகாது? வேர்க்கடலையோ முட்டையோ ஒத்துக்காத பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், முந்திரி போட்ட ஒரு கேக் துண்டால் ஆஸ்பத்திரி வரைக்கும் போன கதை எனக்குத் தெரியும். சைவம் அசைவம், விரத நாள், ஹலால் எல்லாம் அதே கேள்வியில் அடக்கம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கேட்காமல் கொடுத்தால்தான் வம்பு. ஏதாவது அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்யவேண்டும்? பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். நான் பார்த்த வரைக்கும், தினமும் ஒரே நேரத்துக்கு வந்து இருட்டினாலும் போகாத பிள்ளைகளில் பாதிக்கு மேல் வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள். பாட்டி ஊருக்குப் போயிருப்பார், அம்மாவுக்கு ஷிஃப்ட் மாறியிருக்கும், சாவி பள்ளிப் பையில் இருக்கும். மூன்றரை நாலுக்குப் பள்ளி விடுகிறது, அப்பா அம்மா வீடு வந்து சேர ஏழு, ஏழரை. நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு நம் நகரங்களில் யாரும் முறையாக ஒரு வழி செய்யவில்லை. தெருவுக்கு நாலு வீட்டில் நடக்கிற டியூஷன்தான் ஏதோ சமாளிக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு டியூஷன் என்று சிரிக்கிறோம், ஆனால் அங்கே பாதிப் பணம் பாடத்துக்கு, பாதிப் பணம் பிள்ளை பத்திரமாக ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பதற்கு.

உங்கள் எதிர் வீட்டு நிலைமை அதுவானால், இப்போது நடப்பது விளையாட வருவது இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதைச் செய்ய உங்களுக்கு மனசும் நேரமும் இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் என்னால் முடியும், மற்ற நாளுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று சொல்வதும் நியாயம்தான். இரக்கப்பட்டு எல்லா நாளும் ஒத்துக்கொண்டு மூன்றாவது வாரம் பிள்ளையிடம் முகத்தைக் காட்டுவதுதான் கூடாது.

அம்மாவிடம் பேசியாகிவிட்டது என்றால் பிள்ளைகளிடமும் நீங்களே சொல்லுங்கள். 'உங்க வீட்டில சொல்லிட்டேன்' என்று விட்டுவிட்டால் பெண்ணுக்கு அது தண்டனை மாதிரி போய்ச் சேரும். உங்கள் வீட்டு விதியை உங்கள் வாயால் சொல்லும்போது ஆச்சரியமாக ஒத்துக்கொள்வார்கள், சொந்த அம்மா சொன்னால் கேட்காததை எதிர்வீட்டு ஆன்ட்டி சொன்னால் கேட்பது பிள்ளைகள் வழக்கம். நம் ஃப்ளாட்டுகளில் பெரும்பாலும் வெளியே இரும்பு கிரில் கதவு, உள்ளே மரக்கதவு என்று இரண்டு இருக்கிறதல்லவா, அதையே பயன்படுத்துங்கள். மரக்கதவு திறந்து கிரில் மட்டும் சாத்தியிருந்தால் கூப்பிடலாம், மரக்கதவு மூடியிருந்தால் ஆன்ட்டிக்கு ஆபீஸ், பெல் அடிக்கக்கூடாது. ஐந்து வயதுக்கு மணி பார்க்கத் தெரியாது, கதவைப் பார்க்கத் தெரியும். முதல் வாரம் நாலு தடவை மீறுவார்கள். ஒவ்வொரு தடவையும் திறந்து 'மரக்கதவு மூடியிருக்கு பார், அப்புறம் வா' என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லி மூடிவிடுங்கள், விளக்கம் வேண்டாம். ஒரு நாள் இளகி உள்ளே விட்டீர்கள் என்றால் திரும்பவும் முதலிலிருந்து.

போனைக் கொடுக்காதீர்கள். வைஃபை பாஸ்வேர்டும். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

பூனையைப் பற்றி ஒன்று. ஐந்து வயதுப் பையன் வாலைப் பிடித்து இழுப்பான், அது பிறாண்டும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. பூனைக்குத் தடுப்பூசி போட்டு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பிறாண்டினாலோ கடித்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும், மஞ்சளும் காபிப்பொடியும் வைக்கக்கூடாது, உடனே அவர்கள் அம்மாவுக்குச் சொல்லவேண்டும். வெறிநாய்க்கடி ஊசி பூனைக் கீறலுக்கும் உண்டு, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். 'சின்னக் கீறல்தானே, சொன்னா சண்டை வரும்' என்று மறைத்துவிடாதீர்கள். குழந்தை இல்லாத வீடு என்பதால் இன்னும் சில இடங்களையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பால்கனியில் கம்பி ஓரமாக நாற்காலி, ஸ்டூல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஃபினைல், ஆசிட் ஊற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். டைனிங் டேபிள் மேல் மாத்திரை டப்பா, பட்டன் பேட்டரி போட்ட குட்டி ரிமோட் எல்லாம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒரு விஷயம். அந்தப் பெண் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கேட்கும், ஏற்கெனவே கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை: 'ஆன்ட்டி, உங்களுக்கு ஏன் பாப்பா இல்ல?' நம் ஊரில் கல்யாணமாகி மூன்றாவது மாசத்திலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்விதான், ஆனால் பெரியவர்கள் கேட்பதில் இருக்கும் ஊசி பிள்ளை கேட்பதில் இல்லை. அதற்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான். 'எங்க வீட்ல நாங்க ரெண்டு பேரும் பூனையும்தான்' என்றால் அதற்குப் போதும், அடுத்த நிமிஷம் பூனை என்ன சாப்பிடும் என்று கேட்கப் போய்விடும். பெரியவர்கள்தான் கஷ்டம். குழந்தை இல்லாதவர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பக்கூடாது, கண் படும் என்று சொல்கிற ஆட்கள் இன்றைக்கும் எல்லா பிளாக்கிலும் ஒருவராவது இருக்கிறார்கள். அப்படி ஏதாவது உங்கள் காதில் விழுந்தால் அதற்காக நீங்கள் ஒதுங்கிப் போகவேண்டாம். எதிர் வீட்டம்மா பிள்ளைகளை அனுப்புகிறார், அவருக்கு அந்த நினைப்பு இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்.

பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சங்கதியையும் கொண்டுவருவார்கள். யார் யாரோடு சண்டை, அப்பா எப்போது வந்தார், வண்டிக் கடன்காரன் வந்து தவணைக்குச் சத்தம் போட்டது. கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள், தோண்டாதீர்கள், அடுத்த வீட்டுக்குக் கடத்தாதீர்கள். ஆனால் 'அப்பா அம்மாவை அடிச்சாரு' என்றோ, தன்னை யாரோ சூடு வைத்தார்கள் என்றோ, 'அந்த அங்கிள் என்னை அங்க தொட்டாரு' என்றோ சொன்னால் அது வேறு. அப்போது முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், அடுக்கடுக்காகக் கேள்வி கேட்காதீர்கள், 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று சத்தியமும் செய்யாதீர்கள். 'நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல' என்று சொல்லிவிட்டு 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். பெண்களுக்கு 181. பிள்ளை மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது, பிள்ளைகளை அதிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டத்தில் தண்டனைக்கு உரியது, ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 'அடுத்த வீட்டு விஷயம், நமக்கெதற்கு' என்பதற்கு அங்கே இடமில்லை.

இதைச் சொல்லும்போதே உங்கள் வீட்டுப் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும், உங்கள் கணவர் மனசு வருத்தப்படக்கூடாது. அவர் மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகள் வந்தால் கிரில் கதவில் நின்று பேசி அனுப்பிவிடட்டும். நீங்கள் இருக்கும்போதும் மரக்கதவு திறந்தே இருக்கட்டும், பிள்ளைகள் ஹாலோடு நிற்கட்டும், படுக்கையறை வேண்டாம். இது அவர் மேல் சந்தேகத்தினால் சொல்வதில்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே விதி என்பதால் சொல்வது. பிள்ளைகளைத் தொந்தரவு செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்பது இந்த வேலையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பையன்களுக்கு ஆபத்து இல்லை என்ற நினைப்பும் தப்பு. மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் பாதிக்கு மேல், அதில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். இந்த விதியை நீங்களே முந்திக்கொண்டு எதிர் வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டால் அவர் உங்களை இன்னும் நம்புவார், மற்ற வீடுகளுக்கும் இதையே கேட்கலாம் என்று அவருக்கும் தோன்றும். கூடவே, பிள்ளைகள் பூனையோடு இருக்கும் படத்தைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடவேண்டாம்.

உங்கள் கேள்வியில் இல்லாத மூன்றாவது பிள்ளை ஒன்று வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பூனை இருக்கும் வீடு, கதவு திறந்திருக்கும் வீடு என்று தெரிந்துவிட்டால் வாட்ச்மேன் மகளோ, கீழே இஸ்திரி போடுகிறவர் மகனோ, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவோடு வரும் பிள்ளையோ எட்டிப் பார்க்கும். அப்போது ஃப்ளாட்டுகளின் உண்மையான முகம் தெரியும். எதிர் வீட்டுப் பிள்ளைக்குத் தட்டில் பிஸ்கட், இதற்குக் கையில். அது சோபாவில், இது தரையில். 'லிஃப்டில ஏறாதே', 'ஊஞ்சல் இங்க இருக்கற பசங்களுக்கு', 'உன் அப்பா எங்கே, கூப்பிடு'. சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் பார்த்தவர்களை நான் சமாளித்திருக்கிறேன். மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்களுக்குத்தான் விளையாட்டு இடம் என்பது அவர்கள் வாதம். அந்த வாட்ச்மேன் குடும்பம் கீழே ஒரே அறையில் குடியிருந்துகொண்டு நம் மோட்டாரையும் கேட்டையும் இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொள்கிறது என்பதைச் சொன்னால் பேச்சு மாறிவிடும். விளையாடும் உரிமை எல்லாக் குழந்தைக்கும் உண்டு என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992-லேயே சேர்ந்தாகிவிட்டது, எங்கள் கார் பார்க்கிங் வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

அந்தப் பிள்ளை வந்தால் எதிர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன விதியோ அதே விதி. அதே தட்டு, அதே நேரம், அவர்கள் அம்மாவிடமும் அதே கேள்விகள். கடைக்குப் போய் பால் வாங்கி வா, இந்தப் பாத்திரத்தை எடுத்துப் போடு என்று வேலை ஏவாதீர்கள், எதிர் வீட்டுப் பெண்ணிடம் அப்படிச் சொல்லமாட்டீர்கள் என்றால் இதனிடமும் சொல்லக்கூடாது. பழைய துணி கொடுக்கவேண்டும் என்று தோன்றினால் பெரியவர்களிடம் தனியாகக் கொடுங்கள், மற்ற பிள்ளைகள் பார்க்க வேண்டாம். மறுநாள் அந்த ஃப்ராக்கைப் போட்டுக்கொண்டு கீழே வரும்போது 'இது என்னோட பழசு' என்று இன்னொரு பிள்ளை சொல்லிவிடும்.

இவ்வளவும் செய்தும் எதிர் வீட்டம்மா கோபித்துக்கொண்டால்? கோபித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் பிள்ளைகளை அனுப்பமாட்டார், நடைபாதையில் பார்த்தால் பாதிச் சிரிப்பு சிரிப்பார். அதற்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு பின்னால் போகவேண்டாம். கொலு, தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் என்று நம் ஊரில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது. நவராத்திரியாக இருந்தால் சுண்டலோடு நீங்களே போங்கள், இல்லாவிட்டால் அவர் வீட்டுத் தட்டு வரும்வரை பொறுங்கள். உண்மையில் பெரும்பாலான அம்மாக்கள் கோபப்படுவதில்லை. 'ஐயோ, தொந்தரவு பண்றாங்களா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்பார்கள். அவர்களுக்கும் உள்ளூர ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்திருக்கும், நீங்கள் பேச்சை எடுத்ததும் அது போய்விடும்.

ஆறிலிருந்து ஏழு என்ற கணக்கு பள்ளி நடக்கும் வரைக்கும்தான் நிற்கும். மே மாசம் பிள்ளைகள் காலை ஒன்பது மணிக்கே பூனையைத் தேடி வந்துவிடுவார்கள், வெயிலில் கீழே விளையாடவும் முடியாது. தாத்தா பாட்டி ஊருக்கு எப்போது போகிறார்கள், எவ்வளவு நாள் இங்கேயே இருப்பார்கள் என்று ஏப்ரலிலேயே கேட்டு, விடுமுறைக்கு எந்த நேரம் என்று தனியாகப் பேசி முடித்துவிடுங்கள்.